இரண்டாவது வெடி

பலெர்மோவை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோவில், ஓர் உணவகத்தின் கடலைப் பார்த்த மேசையில் கணவாய்ப் பொரியல் தட்டு ஒரு சுற்று வந்து முடிந்த பிறகுதான், நோர்வேயிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை குகதாசன் முதன்முதலாக வாய் திறந்தான். அதுவரை அவனுடைய தாயார்தான் அவனுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்க்காமல், மேசை விரிப்பின் நீலக் கட்டங்களைப் பார்த்தபடி இருந்தான். பெண்ணின் தகப்பன் இராசரத்தினம் பேச்சை இலகுவாக்க நினைத்து, எதிரே இருந்த விதுரனைக் காட்டி, "இவரிட்டைக் கவனமாக் கதையுங்கோ, துவக்குக் கடையில வேலை," என்றார். குகதாசன் நிமிர்ந்தான்.

"மூஸ் சுடுறதுக்கு எந்த ரவை நல்லம் தம்பி?"

பெண்ணின் தாயார் நாகபூசணி அன்ரியின் கையில் இருந்த கரண்டி தட்டில் இடித்தது. மகளுக்குச் சம்பந்தம் பேசும் மேசையில் துவக்கும் ரவையும் வருவதை அவர் விரும்பவில்லை. அரிசி ரவை, கோதுமை ரவை தவிர வேறெந்த ரவையைப் பற்றியும் அவர் வீட்டில் யாரும் பேசிப் பல வருடங்கள் இருக்கும். விதுரனின் தாயார்கூட மகன் இரும்புக் கடையில் வேலை என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருந்தார். ஆனால் குகதாசன் நிறுத்தவில்லை. மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான் என்றும், அவனிருக்கும் வடக்கு ஊரில் இலையுதிர் காலம் வந்தால் மீன் தொழிற்சாலை முதலாளி முதல் பாடசாலை வாத்தியார் வரை லீவு எடுத்துக்கொண்டு அதைத் தேடிக் காட்டுக்குப் போவார்கள் என்றும் சொன்னான். இந்த வருடம் அவனையும் ஒரு குழுவில் சேர்த்திருக்கிறார்கள். துவக்குப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டான். பெரிய குழல் உள்ளதாக ஒன்று வாங்க வேண்டும். அங்கே கடைக்காரன் விற்க வேண்டியதைத்தான் சொல்லுவான்; நம்முடைய ஆள் ஒருவர் பார்த்துச் சொன்னால் நல்லது. புதன்கிழமை திரும்பிப் போகிறான்.

விதுரன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். எதைக் கேட்டாலும் அவன் அப்படித்தான் சொல்வான்.

அவன் அன்று அங்கே வந்ததே இராசரத்தினத்தின் காரில் எல்லாரும் கொள்ளாததால், மிச்சப் பேரை ஏற்றிவரத்தான். அந்த வீட்டார் குடிமாறும்போது கட்டில் தூக்கியவனும், அன்ரியின் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலக வரிசையில் விடிய நின்றவனும் அவன்தான். இதெல்லாம் அவர்களுடைய மகள் சயந்தினிக்காகத்தான் என்பது அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தான். மூன்று வருடமாக அல்பெர்கேரியாவில் இரவுப் பள்ளியில் அவளுக்குப் பக்கத்து வாங்கில் இருக்கிறான். சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது, சொன்னால் என்ன நடக்கும், சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில்தான் இந்தச் சம்பந்தம் வந்து சேர்ந்தது.

சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கோப்பிக்குக் காத்திருந்தபோது, படகுகள் கட்டியிருந்த இடத்தில் நின்ற விதுரனிடம் சயந்தினி வந்தாள். புதுச் சப்பாத்து கடித்ததால் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை நான் முடிவு சொல்லோணும். நீ அவரோட கதைச்சுப் பாத்துச் சொல்லு. நீ என்ன சொல்லுறியோ அதுதான்."

"நானா?"

"நீ ஒரு குடை வாங்கவே பல்லாரோச் சந்தையில இருக்கிற அத்தனை கடையும் ஏறி இறங்குவாய். உன்னைவிட ஆர் வடிவாப் பாப்பினம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொன்ன பிறகு சிரிப்பு போய், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விதுரன் தலையாட்டினான். ஒரு வேலை தரப்பட்டிருக்கிறது, அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் அப்போது அவன் மனதில் முன்னுக்கு நின்றது.

திங்கட்கிழமை காலை கடையில் அவன் மூன்று தோட்டாக்களை மேசையில் நிறுத்தி வைத்தான். மருந்தில்லாத, காட்சிக்கு வைக்கும் வெற்றுத் தோட்டாக்கள். ஒன்று முந்நூற்று முப்பத்தெட்டு மேக்னம். வேகமானது, தூரம் போவது. அடுத்தது முந்நூற்று எழுபத்தைந்து. ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகும் பணக்காரர்கள் கேட்பது, நடுவிரலைவிட நீளம். கடைசி ஒன்பது தசம் மூன்று மில்லிமீற்றர். மதோனியே மலைப்பக்கம் காட்டுப்பன்றி சுடுகிறவர்கள் வாங்கும் பழைய அளவு, பார்வைக்கு எந்த எடுப்பும் இல்லாதது. தோட்டாவின் முனையில் இருக்கும் சன்னத்தின் நிறை, வேகம், தோளில் இடிக்கும் விசை என்று ஒவ்வொன்றையும் பட்டியல் புத்தகத்தில் பார்த்துப் பார்த்து எழுதினான். எழுதும்போது ஒரு நினைப்பு வந்தது. முந்நூற்று எழுபத்தைந்தைச் சொன்னால் என்ன? இலேசான துவக்கில் போட்டுச் சுடச் சொல்லலாம். குகதாசன் ஒல்லி. முதல் வெடியிலேயே தோள் கன்றிப் போகும். இரண்டாம் முறை விசையை அழுத்துமுன்பே உடம்பு தானாகப் பின்வாங்கும். இலக்கு தவறும். குழுவில் எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கும் சயந்தினிக்கும் என்ன தொடர்பு என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு வெட்கமாக இருந்தது. எழுந்து போய்க் கண்ணாடி அலுமாரியைத் துடைத்தான்.

கடைக்காரி சிஞ்ஞோரா கத்தரீனா மேசையைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு மோதிரம் தெரிவு செய்கிறாயா என்று கேட்டார். ஒரு நண்பருக்கு என்றான். ஆளைப் பார்க்காமல் ரவை அளவு பார்க்காதே, வரச் சொல், என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

குகதாசன் பத்து மணிக்கு வந்தான். கையில் கடலை மாவில் பொரித்த சூடான பனேல்லே பொதி. வழியில் வாங்கியதாம், தம்பி சாப்பிடாமல் இருப்பீர் என்று. கத்தரீனா சுவரிலிருந்து ஒரு துவக்கை எடுத்து, உள்ளே ரவை இல்லை என்று திறந்து காட்டிக் கொடுத்தார். குகதாசன் அதைத் தோளில் வைத்து, கடையின் பின்சுவரில் தொங்கிய, பாடம் செய்த பன்றித் தலையைக் குறிபார்த்து, விசையை அழுத்தினான். 'டிக்' என்ற சின்னச் சத்தம்தான். அதற்கே அவன் இரண்டு கண்களும் இறுக மூடிக்கொண்டதை விதுரன் பார்த்தான். குகதாசனும் அவன் பார்த்ததைக் கண்டான்.

துவக்கை மெதுவாக மேசையில் வைத்தான்.

"முள்ளிவாய்க்காலில எனக்குப் பதினேழு வயசு," என்றான். "இப்பவும் புதுவருசத்துக்கு வெடி கொளுத்தினா நான் குளியலறைக்குள்ள போயிடுவன் தம்பி. வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அப்ப ஏன் அண்ணை இதுக்குப் போறீங்கள்?"

குகதாசன் பொதியைப் பிரித்து ஒரு பனேல்லேயை விதுரனின் கையில் வைத்தான். பிறகு நெடுநேரம் பேசினான். பன்னிரண்டு வருடம் அந்த ஊரில் இருக்கிறான். நல்ல சனங்கள், ஆனால் கதவு திறக்காத சனங்கள். இலையுதிர் காலத்தில் ஊரே வெறிச்சோடும். அவன் மட்டும் தொழிற்சாலைக்குப் பக்கத்து அறையில் இருப்பான். வேட்டைக்குப் போகிறவர்கள் இறைச்சியைப் பங்கு போடுவார்கள், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள். குளிர்காலம் முழுவதும் அந்தக் கதையிலேயே ஓடும். அதில் இல்லாதவன் எதிலும் இல்லை.

"எனக்குப் பழகிப் போச்சு. சயந்தினி வந்தா அவவும் அப்பிடி இருக்கோணுமே? போய் வர நாலு வீடாவது வேணும். அதுதான் பெரிய குழலாக் கேக்கிறன். ஒரே வெடியில முடிஞ்சிடோணும். அதுவும் வதைபடக் கூடாது. நானும் ரெண்டாவது வெடியைக் கேக்கக் கூடாது."

விதுரன் பனேல்லேயைக் கையில் வைத்தபடி நின்றான். இந்த ஆளில் ஒரு குறை கண்டுபிடிக்கவே தான் இரவு முழுவதும் காத்திருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவன் ஒன்பது தசம் மூன்றை எடுத்துக் குகதாசனின் உள்ளங்கையில் வைத்தான். பெரியது எல்லாம் நல்லதல்ல என்று விளக்கினான். இதன் சன்னம் பாரமானது, வேகம் நிதானம். தோளில் அறையாது, தள்ளும். அறைந்தால் கண் முன்கூட்டியே மூடும், தள்ளினால் பழகிக்கொள்ளலாம். கொஞ்சம் பாரமான துவக்காக வாங்குங்கள். காதுக் கவசம் போடாமல் ஒரு வெடிகூட வேண்டாம். கோடை முழுவதும் அட்டை இலக்கில் பழகுங்கள், கண் மூடாமல் சுட வரும்வரை. மூஸின் முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சில் பட்டால் இது போதும், மிச்சமாகவே போதும். குகதாசன் தோட்டாவை மூடிய கைக்குள் வைத்து, கோயிலில் திருநீறு வாங்கியவனைப் போல நின்று கேட்டான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து இருவரும் பல்லாரோ வழியாக நடந்தார்கள். கடைகள் மூடிக்கொண்டிருந்தன, தரையில் முட்டைக்கோவா இலைகளும் நசிந்த தக்காளியும் கிடந்தன. விதுரன்தான் தொடங்கினான். ஆள் நல்லவர் என்றான். பெருமை பேசுகிறவர் இல்லை. தனக்கு முதல் மற்றவரை யோசிக்கிறவர். பயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத் தெரிந்தவர். ஊர் குளிர், தனிமை இருக்கும், ஆனால் அதற்கு அவர் இப்போதே வழி பார்க்கிறார். எல்லாவற்றையும் ஒழுங்காக, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். சொல்லச் சொல்லத் தன்னையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான்; ஒவ்வொன்றிலும் தான் குறைந்தே நின்றதாக அவனுக்குப் பட்டது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆலிவ் விற்கும் கடைக்கு முன்னால் சயந்தினி நின்றாள்.

"வேற?"

"வேறயென்ன?"

"வேற ஒண்டும் சொல்ல இல்லையா விதுரன்?"

ஆலிவ்காரன் வாளித் தண்ணீரைத் தெருவில் ஊற்றினான். இருவரும் கால்களைப் பின்னுக்கு வைத்தார்கள். சொல்ல வேண்டிய சொற்கள் அவனிடம் இருந்தன. மூன்று வருடமாக எடுத்து, துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்த சொற்கள். அதைக் கேட்பதற்காகத்தான் அவள் நிற்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. அது தன்னுடைய ஆசையாக இருக்கலாம் என்று அடுத்த கணம் தோன்றியது. உறுதியில்லாத ஒன்றை வைத்து ஒரு நல்ல மனிதனின் வாழ்வைக் குழப்பக் கூடாது.

"இல்லை," என்றான்.

அவள் பையின் சிப்பை இழுத்து மூடினாள். அது பாதியில் சிக்கியது, பிறகு மூடியது.

"சரி. நீ பாத்தா பிழை வராது."

அந்தக் கிழமையே நாகபூசணி அன்ரி அவனைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். தை மாதம் கல்யாணம், பலெர்மோவிலேயே வைக்கிறோம் என்றார். மாப்பிள்ளையின் கால் கழுவி மணவறைக்குக் கூட்டிவர, தோழனாகப் பெண்ணின் சகோதரன் நிற்க வேண்டும். சயந்தினிக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை.

"உம்மைவிட எங்களுக்கு ஆர் இருக்கினம் தம்பி? தமையன் மாதிரித்தானே இவ்வளவு நாளும் நிண்டனீர்."

அவர் கண்கலங்கியிருந்தார். மனதாரத்தான் கேட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. சயந்தினி உள்ளே நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவன், வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல், "ஓம் அன்ரி," என்றான்.

ஒரேத்தோப் பக்கம் எடுத்திருந்த மண்டபத்தின் வாசலில், தை மாத மழை தூறிக்கொண்டிருந்தது. விதுரன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகக் குனிந்து, செம்பிலிருந்து தண்ணீரைக் குகதாசனின் கால்களில் ஊற்றினான். மேளம் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. குகதாசன் அவனுடைய கையைப் பிடித்து, கால் கழுவிய தோழனுக்குப் போடும் மோதிரத்தை விரலில் போட்டபடி, யாருக்கும் கேட்காமல் காதருகே சொன்னான்.

"தம்பி, ஒரே வெடி. கண் மூடேல்லை."

"சந்தோசம் அண்ணை."

"ஆனா அது விழேல்லை. நிண்ட இடத்திலயே நிண்டது. தலையை உயத்தி என்னைப் பாத்திட்டு, திரும்பக் குனிஞ்சு இலையைக் கடிச்சுது. படேல்லை எண்டு நினைச்சு நான் அடுத்ததுக்குக் கை வைச்சன். பக்கத்தில நிண்ட நோர்வேக்காரன் கையைப் பிடிச்சான். பொறு எண்டான்."

"பிறகு?"

"அப்பிடியே சரிஞ்சுது. பட வேண்டிய இடத்திலதான் பட்டிருந்தது. அதுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் எடுத்திருக்கு."

விதுரன் அவனுடைய கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போய் இருத்தினான். மோதிரம் கொஞ்சம் தளர்வு. விரலை மடக்கி வைத்துக்கொண்டான். ஐயர் பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். மேளம் உயர்ந்தது. தோழிகளுக்கு நடுவில் சிவப்புக் கூறை தெரிந்தது, பிறகு முகம். தோழிகள் அவளை மணவறைப் பக்கம் திருப்பும்போது அவள் ஒருமுறை தலையை உயர்த்தினாள்.

யாரோ ஒருவர் தட்டை நீட்டி, "தோழன், வெத்திலை எடும்," என்றார். விதுரன் ஒரு இலையை எடுத்தான். நரம்பைக் கிள்ளி, மடித்து, வாயில் வைத்தான். தாலி கட்டும் நேரம், எல்லாரும் அரிசி தூவ முன்னுக்கு நகர்ந்தார்கள். அவன் நின்ற இடத்திலேயே நின்று, மெதுவாக மென்றுகொண்டிருந்தான்.