தண்ணீர் ஏறிய படம்

அதியமான்கோட்டையில் பேருந்தைவிட்டு இறங்கும்போதே யுவராணியின் முகம் கடுகடுவென்று இருந்தது. மொரப்பூரில் கிளம்பும்போது அப்பா கேட்டது அப்படி. "உங்கூட வேலை பாக்குற ஜாஸ்மின் பேரு பேப்பர்ல வந்துக்குது. உம்பேரு எங்கம்மா?"

அலுவலகம் நெடுஞ்சாலையோர மாடியில் இரண்டே அறை. எங்கோ கடற்கரையில் அழிந்த அலையாத்திக்காடு திரும்ப வளர்கிறதா என்று செயற்கைக்கோள் படங்களில் பார்ப்பதுதான் அங்கே வேலை. கடலே இல்லாத ஊரில் கடல்காட்டுக்குக் காவலா என்று கீழே டீக்கடையில் கேலி செய்வார்கள். முதலில் சேர்ந்தவள் யுவராணி. ஆனால் பின்னால் வந்த கம்பைநல்லூர் ஜாஸ்மினைத்தான் தலைவர் கிருஷ்ணப்பன் எதற்கெடுத்தாலும் கூப்பிட்டார். சென்னைக் கூட்டத்துக்கும் அவள்தான் போனாள். யுவராணிக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

திங்கட்கிழமை ஜாஸ்மின் ஒரு படத்தைக் காட்டிச் சரிபார்க்கச் சொன்னாள். ஒரு கழிமுகத்தில் நட்ட கன்றுகள் போன வருடப் படத்தில் பச்சையாகத் தெரிந்தன. இந்த வருடம் அந்த இடம் வெறும் நீலம். எல்லாம் செத்துவிட்டதாக அவள் குறித்திருந்தாள். யுவராணிக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பழைய படம் கடல் வற்றியிருந்த நேரத்தில் எடுத்தது, புதியது ஏறியிருந்த நேரத்தில் எடுத்தது. கன்றுகள் தண்ணீருக்குள் உயிரோடுதான் நிற்கின்றன. ஏரியை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் ஒரே நாளில் ஏறி இறங்கும் என்பது சட்டென்று தோன்றாது. யுவராணியே சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்து திட்டு வாங்கியவள்தான்.

"நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டாள். கூட்டத்தில் மூக்குடைபடட்டும் என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தப்பு யார் கண்ணிலும் படவில்லை. கிருஷ்ணப்பன் பெருமூச்சு விட்டார். அங்கே இனி நட வேண்டாம், அந்த இடத்தை இறால் பண்ணைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்று எழுதப் போவதாகச் சொன்னார். அங்கே இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கன்று நட்ட பெண்களைப் புகைப்படத்தில் பார்த்தது யுவராணிக்கு நினைவு வந்தது.

நன்றாகப் பார்த்தாயா என்று அவர் ஜாஸ்மினிடம் கடைசியாக ஒருமுறை கேட்டார்.

"யுவராணி பாத்துட்டா சார்," என்றாள் ஜாஸ்மின். "அவ சரின்னு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

யுவராணி எழுந்து நின்று தப்பைச் சொன்னாள். தெரிந்தே மறைத்ததையும் சொன்னாள். கிருஷ்ணப்பன் குறிப்பேட்டில் குறித்ததை அடித்துவிட்டு, இந்த வருடமே கடல் வற்றிய நேரத்தில் எடுத்த படத்தை வாங்கச் சொன்னார்.

மாடிப்படியில் ஜாஸ்மின் அவளை நிறுத்தினாள். "நான் தண்ணி ஏறுனதப் பாக்காம உட்டுட்டேன். நீ எல்லாத்தயும் பாத்துட்டு வாய மூடிக்கிட்டியே."

யுவராணி தலை நிமிரவில்லை. "நீ கீழ உழணும்னு காத்துக்கிட்டு இருந்தேன் ஜாஸ்மின். ஒருத்தர் மேல வெக்கிற பொறாமை அவங்களோட நின்னுடாதுன்னு இப்பத்தான் தெரியுது. நீ உழுந்திருக்க மாட்ட, காடுதான் போயிருக்கும்."