களவாய் மீனுக்குப் பல் வைத்தியம்

கலங்கரை விளக்கம் கண்ணில் படுவதற்குள் பல் டாக்டர் படகோட்டியிடம் நாலு தடவை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டாள். நடுக்கடலில் ஒரு பாறை, அதன் உச்சியில் வெள்ளைக் கோபுரம். ஆள் நடமாட்டமே கிடையாது, பறவைகளின் ராஜ்ஜியம்தான். அங்கே முக்குளிக்கத்தான் நாத்தனார் தன் நண்பர் பட்டாளத்தோடு இவளையும் இழுத்து வந்திருந்தாள்.

"நான் படகுலயே இருக்கேன்டி. நீங்க போயிட்டு வாங்க."

"அப்போ நீச்சல் குளத்துல மாசக்கணக்கா பழகுனது எதுக்கு அண்ணி? ஊரார் பல்லையெல்லாம் ஈவு இரக்கமில்லாம பிடுங்குறீங்க, இதுக்கா பயம்?"

படகே சிரித்தது. டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடித் தொப்பென்று குதித்தாள்.

கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நாத்தனாரின் கையைக் குரங்குப் பிடியாகப் பற்றி இறங்கியவள், ஒரு பாறைப் பொந்தின் முன் அப்படியே நின்றுவிட்டாள். தலையணை பருமனில் ஒரு களவாய் மீன், வாயை ஆவென்று பிளந்தபடி அசையாமல் கிடந்தது. விரல் நீள நீல மீன்கள் அதன் பல்லிடுக்கில் புகுந்து புகுந்து அழுக்கைக் கொத்தித் தின்றன. பின்னால் இன்னும் இரண்டு பெரிய மீன்கள், தள்ளுமுள்ளு இல்லாமல், தங்கள் முறைக்குக் காத்திருந்தன.

இவ்வளவு சமர்த்தாக வாயைத் திறந்த ஒருவரைத் தன் தொழிலில் அவள் கண்டதில்லை. சிரிப்பு பீறிட்டது. வாயில் கவ்வியிருந்த காற்றுக்குழாய் நழுவி வாயெல்லாம் உப்பு. பழகியபடி அதைக் கவ்வி, தண்ணீரை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி சிரித்தாள். பயம் போன இடம் தெரியவில்லை.

மேலே வந்ததும் கத்தினாள்: "கீழ ஒரு கிளினிக்கே நடக்குது! டோக்கன் மட்டும்தான் குடுக்கல!"

"டாக்டரம்மாவுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு," என்றார் படகோட்டி.

"நிஜம்தாங்க, நானும் பாத்தேன்," என்றாள் நாத்தனார்.

அவ்வளவுதான், மதியம் மொத்தக் கூட்டமும் அங்கே இறங்கியது. யாரும் நெருங்கிப் போய் மீன்களை மிரட்டாதபடி டாக்டரே கையை விரித்துக் காவல் நின்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அவள்தான் பேசினாள். களவாயின் தாடை, நீல மீன்களின் கைராசி என்று ஓயாத கதை.

"அண்ணி, கொஞ்சம் வாயை மூடுங்களேன்!"

"போடி, மூட மாட்டேன். அடுத்த தடவை உங்க அண்ணனையும் கூட்டிட்டு வரணும்."