வெளியே போட்ட நாற்காலி

கிளைட் ஹேவர்மனை அவருடைய அலுவலகத்திலேயே வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். நாற்பத்தோரு கம்பெனிகளை வாங்கி, உடைத்து, விற்றுக் கோடி கோடியாகச் சேர்த்த மனிதர். மன்ஹாட்டனில் முப்பத்தெட்டாவது மாடி முழுக்க அவருடையது. ஆனாலும் கூட்ட அறைக்கு வெளியே, காரியதரிசி டோலோரஸின் மேசைக்கு எதிரே, முதுகை வலிக்க வைக்கும் ஒடுங்கிய நாற்காலிதான் இன்றைக்கு வாய்த்தது. காத்திருப்பவன் சீக்கிரம் பேரத்துக்குப் படியட்டும் என்று அவரே தேடி வாங்கிப் போட்டது.

உள்ளே ஐந்து இயக்குநர்கள், ஓஹையோவில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலையை விற்று மூடுவதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதை நடத்துவது அவருடைய ஒரே மகள் லோரி. ஓர் இயக்குநரின் உறவுக்காரர் சம்பந்தப்பட்ட பேச்சு வந்தால் அந்த இயக்குநர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஓட்டுக் கிடையாது, சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளவும் கூடாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டாளி தன் மைத்துனனின் கம்பெனியைக் காப்பாற்றப் பார்த்தபோது, மேசையைக் குத்தி அந்த விதியை எழுதி வைத்தவர் ஹேவர்மன்தான். எல்லோரும் கை தட்டினார்கள். இவரும் பூரித்துப் போனார். பூரிப்பு வந்த இடத்தில் புத்தி எங்கே தங்குகிறது?

உள்ளே மூன்று பேர் விற்கலாம் என்பவர்கள், இரண்டு பேர் வேண்டாம் என்பவர்கள். இவர் ஓட்டுப் போட்டால் சமம். சமமானால் தலைவர் சொல்வதே முடிவு. தலைவர் இவர்தான்.

"காபி தரட்டுமா சார்?" என்றாள் டோலோரஸ்.

"வேணாம். உள்ள என்ன பேசறாங்கன்னு உனக்குக் கேக்குதா?"

"கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லியிருக்கீங்க."

மேசையில் போன் அடித்தது. ஓஹையோ நம்பர் என்று தெரிந்ததும் ஹேவர்மன் பாய்ந்து எடுத்தார்.

"டோலோரஸ், அப்பாவுக்கு ஒரு சேதி," என்றாள் லோரி. "இருநூத்தி அறுபது பேர் சாப்பாட்டு ஹால்ல நிக்கறாங்க. அப்பா உள்ள இருக்கார், பாத்துக்குவார்னு சொல்லி வச்சிருக்கேன்."

"லோரி, நான்தாம்மா."



"நீங்க எப்படி போன எடுத்தீங்க? கூட்டத்துல இருந்தா எடுக்க மாட்டீங்களே. அம்மா செத்த அன்னிக்கு ஆஸ்பத்திரிலேருந்து நாலு தடவ கூப்பிட்டேன். கூட்டம் முடியட்டும்னு டோலோரஸ விட்டுச் சொல்லச் சொன்னீங்க." அவள் மூச்சு விட்டாள். "அப்ப நீங்க உள்ள இல்ல."

ஹேவர்மன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கூட்ட அறைக் கதவைப் பார்த்தார். 

கதவு திறந்தது. ஸ்டான் ரிட்லி என்ற இயக்குநர் கை குலுக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "மூணுக்கு ரெண்டு, எல்லாம் விதிப்படி முடிஞ்சுது கிளைட். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே."

அது லோரிக்கும் கேட்டிருக்க வேண்டும். "அந்த ஜனங்ககிட்ட நான் இப்ப என்னப்பா சொல்லட்டும்?"

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். நாற்பத்தோரு தடவை சொல்லிப் பழகிய வாய்.

"ரெண்டு வாரச் சம்பளம் உண்டுன்னு முதல்ல சொல்லு. மத்தத அப்புறம் சொல்லிக்கலாம்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அதற்குள் லோரி போனை வைத்துவிட்டிருந்தாள்.