முதலை கிழித்த வலையும் ஒரு கோலும்

முதலில் ஊர் கேட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தாறாம் ஆண்டு, வாவிக்கரை மைதானம், உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம். தேற்றாத்தீவு ஒன்று, பக்கத்து முஸ்லிம் ஊர் பூச்சியம். முடிய ஒரே ஒரு நிமிடம். எதிரணி மீராசாஹிப் தனியாகப் பந்தைக் கொண்டு வருகிறான். கோலில் நிற்பது அழகரத்தினம், அதாவது நான். ஒரு பாய்ச்சல் பாய்ந்தேன். அதைக் கண்டு வெலவெலத்துப்போன மீராசாஹிப் பந்தை வெளியே வாவிக்குள் அடித்துவிட்டான். கிண்ணம் எங்களுக்கு.

முன்பெல்லாம் 'புலி மாதிரிப் பாய்ந்தேன்' என்றுதான் சொல்வேன். ஊருக்குள் ஆமிக்காரரின் காவல் சென்றிகள் வந்த பிறகு அதைச் சிறுத்தை என்று மாற்றிக்கொண்டேன். கதை சொல்லப்போய் உள்ளே போக யாருக்கு ஆசை?

தொண்ணூற்றைந்து மாசியில் அந்தச் சிறுத்தையைப் பாதையடியில் பாயவிட்டுக்கொண்டிருந்தேன். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற மிதவையை; வாவியைப் பேச்சில் ஆறு என்போம். சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்த நாட்கள். ஆனாலும் சென்றியில் பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டிய பிறகுதான் ஏறலாம். அக்கரை வயல் வட்டையில் எங்களுக்கு வெள்ளாமை வெட்டு. என் மனைவி அன்னப்பூரணி வெட்டுகாரருக்கான சோற்றுப் பொட்டணத்தோடு பக்கத்தில் நின்றாள். வரிசையில் நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் இந்தக் கதையைப் பத்துத் தடவை கேட்டவர்கள். இருந்தும் சிரித்தார்கள்.

"கதை நல்லாத்தான் இருக்கு," என்றது பின்னால் ஒரு குரல். "ஆனா அந்தப் பந்து வெளிய போகல்ல."

திரும்பினேன். சாரம், வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. நெல் பார்க்க வந்தவன் போலக் கையில் சாக்குக் கட்டு. கண்ணைக் கண்டதும் ஆளைத் தெரிந்துவிட்டது. மீராசாஹிப்.

வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டது. தொண்ணூறில் கலவரம் தொடங்கிய பிறகு ஐந்து வருடமாக இரண்டு ஊருக்கும் நடுவில் போக்குவரத்தே இல்லை. செத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். மீராசாஹிப் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

இனி உண்மையைச் சொல்கிறேன். கோல் கம்பத்துக்கு வலை வாங்கக் கழகத்திடம் வசதியில்லை. மீன்பிடிக்கிற சாமித்தம்பி அண்ணன் தன் வலையைக் கட்டித் தந்தார். முதலை கிழித்த இடமொன்று அதில் இருந்தது. பொத்தித் தைத்துத்தான் தந்தார், ஆனால் பழைய நூல். மீராசாஹிப் அடித்த பந்து என் கையைத் தாண்டி, கோலுக்குள் போய், அந்தத் தையலையும் பிய்த்துக்கொண்டு வாவியில் விழுந்தது. நடுவருக்கு எதிர்வெயில். பந்து தண்ணீரில் மிதப்பதைத்தான் கண்டார். கோலா, வெளியா என்று தடுமாறி நின்றார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்ப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள். அவர்கள் அந்தக் கோலுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். முதல் பாதியில் அதே வலைக்குள் நாங்கள் கோல் போட்டபோது, "பந்து இதுக்குள்ள போனாக் குரவை போடுங்கோ" என்று கழகச் செயலாளர் கனகசிங்கம் சொல்லிவைத்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். கோயிலில் போடுவதுபோல நீளமாக, நிறுத்தாமல் போட்டார்கள். எதிரணி கோல் போட்டால் தேற்றாத்தீவுப் பெண்கள் குரவை போடுவார்களா? நடுவர் அப்படித்தான் யோசித்திருக்க வேண்டும். பந்து வெளியே என்று கையைக் காட்டிவிட்டார். நானும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

"இருபத்தொம்பது வருஷம்," என்றான் மீராசாஹிப். "எங்கட ஊருல எனக்குப் பேரு 'ஆத்துக்குள்ள அடிச்ச மீராசாஹிப்'. சந்தைக்கு வெளிக்கிட்டா என்ட பொண்டாட்டி நபீஸாவும் சொல்லுறா, அங்கால இங்கால அடியாம நேர வீட்ட வாங்க எண்டு. அவவே நம்புறா இல்ல. எனக்குக் கிண்ணம் வேணாம். அது கோல் எண்டு உன்ட வாயால ஒருக்காச் சொல்லு. அது போதும்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வரிசை முழுக்க என் பக்கம். அந்த ஒரு பாய்ச்சலை வைத்துத்தான் நான் ஊரில் பெரிய ஆளாகத் திரிகிறேன். அதைவிட, அன்று முதல் குரவையைத் தொடங்கியவள் அன்னப்பூரணி. என் பாய்ச்சலுக்காகத்தான் போட்டாள் என்று நம்பித்தான் அவள் வீட்டுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பினேன். அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

ஆனால் அவன் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு, இந்தச் சனத்துக்கு நடுவில் தனியாக நின்று ஒரே ஒரு சொல்லைத்தான் கேட்கிறான்.

"கோல்தான்," என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். "அது கோல்! சாமித்தம்பி அண்ணன்ட வலை பிஞ்சுதான் பந்து ஆத்துக்குள்ள போனது. நான் பாய்ஞ்சது பிந்தித்தான்."

நான் அன்னப்பூரணியைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்குப் பந்து உள்ள போனதாலதானே குரவை போட்டன். நீங்க பாய்ஞ்சத ஆர் பாத்த? அது நம்மட பக்கம் எண்டு கலியாணத்துக்குப் பிறகுதான் விளங்கினது. நீங்க சந்தோசமாச் சொல்லித் திரியக்குள்ள நான் ஏன் கெடுப்பான்?"

வரிசையே வெடித்துச் சிரித்தது. அவள் சோற்றுப் பொட்டணத்தை என் கையில் திணித்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மீராசாஹிப் பக்கம் திரும்பி நின்று, நாக்கைச் சுழற்றி நீளமாகக் குரவை போட்டாள். வரிசையில் நின்ற மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சென்றியிலிருந்து ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "என்ன சத்தம்? என்ன சத்தம்?"

மீராசாஹிப் இரண்டு கையையும் உயர்த்தினான். கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கியது. வாய் மட்டும் சிரித்தது.

"கோல், மாத்தயா! கோல்!"

"பந்து எங்க?"

"ஆத்துக்குள்ள."

ஆமிக்காரன் வாவியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். பிறகு எங்கள் பைகளைக் கொட்டாமலே பாதையில் ஏறச் சொன்னான்.

நடு வாவியில் மீராசாஹிப் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்ப ஒண்டுக்கு ஒண்டு. சமன் எண்டாத் திரும்ப விளையாடோணும், மச்சான்."

"எனக்கு முழங்கால் ஏலா."

"எனக்கும் ஏலாதான். ஆனா விளையாடுவம்," என்றான். "வலைய மட்டும் நான் கொண்டு வாறன்."