விளக்கெண்ணெய் வெளிச்சம்

அமெரிக்காவின் கேட்டி நகரத் தமிழ்ச் சங்கத்தின் 1997 பொங்கல் நாடகத்துக்காக வசந்தாமணி மருந்துக் கடையில் பதினாறு பாட்டில் விளக்கெண்ணெய் வாங்கினாள். கல்லாவில் இருந்த பெண் பாட்டில்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி அனுதாபத்தோடு வழியனுப்பினாள். டெக்சாஸில் அந்த எண்ணெய்க்கு மலச்சிக்கலைத் தீர்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

நாடகம் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. விடிந்தால் தூக்கில் தொங்கப்போகிற மகனைக் காட்டச் சொல்லி ஒரு தாய் சிறை வாசலில் கெஞ்சுகிற காட்சி அதில் உண்டு. அந்த ஆறு நிமிஷத்தையாவது கரண்ட் வராத காலத்து மேடை மாதிரியே காட்டிவிட வேண்டுமென்று வசந்தாமணிக்கு வெறி. கெமிக்கல் எஞ்சினியர், லைப்ரரியில் தேடித் தேடிப் படித்தாள். தக்காளி டப்பாக்களை நெடுக்காகப் பிளந்து, மேடை விளிம்பில் பன்னிரண்டு அகல்களுக்கு முதுகாக நிறுத்தினாள். தகரம் வெளிச்சத்தை நடிப்பவர் முகத்துக்குத் திருப்பிவிடும். தீயணைப்பு அதிகாரிக்கு மூன்று கடிதம் எழுதி அனுமதி வாங்கினாள். மணல் தட்டு, வாளித் தண்ணீர், எரிகிற விளக்கை விட்டு ஆள் நகரக் கூடாது என்று மூன்றே நிபந்தனை போட்டு, அன்றைக்கு அவரே வந்தும் நின்றார்.

சங்கத் தலைவர் திருமூர்த்தியிடம் அவள் கேட்டது ஒரே வாக்கு. "அந்த ஆறு நிமிஷம் வேற லைட் போடக் கூடாதுங்ணா."

"செரி வசந்தா, ப்ராமிஸ்."

தாயாக நடித்தவள் சாந்தாமணி. உடுமலையிலிருந்து வந்து இரண்டு வருஷமாகியும் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். ஒத்திகையில் அவள் குரல் எழும்பியபோது எல்லோரும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தாமணி தன் கையாலேயே அவளுக்கு அரிதாரம் பூசினாள். தீபத்தின் சின்ன வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் முகம் தெரிய வேண்டுமானால் மஞ்சளை அப்ப வேண்டும், மையை இழுத்துப் பூச வேண்டும். விளக்கு முன்னால் அது ஒரு தாயின் முகம். ட்யூப் லைட்டில் பார்த்தால் திருஷ்டிப் பூசணிக்காய்.

மேடை இருண்டது. பன்னிரண்டு சுடர்களுக்குப் பின்னால் சாந்தாமணி மண்டியிட்டாள். இரண்டாவது நிமிஷத்தில் எங்கோ ஒரு விசும்பல் கேட்டது.

பளீரென்று அரங்கம் முழுக்க ட்யூப் லைட் எரிந்தது.

முன்வரிசைப் பிள்ளைகள் "ஹாலோவீன் பேய்!" என்று கத்தினார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். ஈவிரக்கமில்லாத சிரிப்பு. சாந்தாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அரங்கத்தின் கடைசியில் சுவிட்சுக்குப் பக்கத்தில் வீடியோ கேமராவோடு நின்றார் திருமூர்த்தி. வசந்தாமணிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் காவலுக்கு நிற்கிற விளக்கை விட்டு எப்படிப் போவது? தீயணைப்பு அதிகாரியைப் பார்த்தாள். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. சிரிப்பவர்களையும் முகம் மூடியவளையும் பார்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு விளக்குகளின் பக்கத்தில் வந்து நின்று, போ என்று தலையசைத்தார்.

வசந்தாமணி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி வரிசைகளின் நடுவே ஓடினாள்.

"என்னங்ணா இது?"

"கேமராவுல கும்மிருட்டா இருக்குது வசந்தா. எல்லாரும் ஊருக்கு கேசட் அனுப்பறாங்க. மூஞ்சி தெரிய வேண்டாமா?"

"ஊர்ல இருக்கறவங்களுக்குக் காட்ட, இங்க இருக்கறவளை மானங்கெடுத்துவீங்களா? ப்ராமிஸ் பண்ணுன வாய்தானே அது?"

பட்டென்று சுவிட்சை அணைத்து, அதன்மேலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "சிரிச்சது போதும்! சாந்தாமணி, முதல்ல இருந்து பேசு. எவன் லைட் போடறான்னு நான் பாக்கறேன்!"

பிறகு முந்தானை விலகியது. அந்த முகம் மறுபடியும் தாயின் முகமாக இருந்தது.

கேமராவில் ஒன்றும் தெரியாததால் திருமூர்த்தியும் வேறு வழியின்றித் தலையை நிமிர்த்தி மேடையைத்தான் பார்த்தார்.

ஆறு நிமிஷம் முடிந்து திரை மூடியது. முதலில் மூக்கு உறிஞ்சும் சத்தம், அப்புறம்தான் கைதட்டல். வசந்தாமணி முதுகை எடுத்து லைட்டைப் போட்டாள். திருமூர்த்தி கேமராவை இறக்கிக்கொண்டே ஆரம்பித்தார். "பாத்தியா, கேசட்டுல ஒண்ணுமே விழுகல. மொத்தமும் வேஸ்ட்."

அவர் கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

"அப்படிங்களா? ஒண்ணுமே விழுகலைன்னா நீங்க எதைப் பாத்துங்ணா அழுதீங்க?"

திருமூர்த்தி கேமராவின் மூடியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது.