சனிக்கிழமைக் கோப்பு

அன்று சனிக்கிழமை. விஜிலா மடிக்கணினியைக் குசினி மேசைக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்கு வைக்கிற குழம்பு. சட்டியின் அடியில் கொஞ்சூண்டு கிடக்கும். கண்ணை எடுத்தால் அடிபிடித்துவிடும். சென்னை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி செந்தில்முருகன் அனுப்பியிருந்த செய்தியில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மற்ற கப்பல்களுக்கெல்லாம் சேட்டிலைட் பில் எகிறுகிறது, எம்.வி. நீலவேணிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்மி? பில் கூடினால் கத்துகிற மனுஷனுக்கு அது குறைந்தாலும் நிம்மதி இல்லை.

நீலவேணி அவளுடைய புருஷன் ஜெரால்டு ஏறிப்போன கப்பல். அவன் அதில் இரண்டாம் இன்ஜினியர். அதே கம்பெனியில் விஜிலாவுக்கு வேலை, ஒவ்வொரு கப்பலிலும் இருக்கிற சர்வருக்குத் தேவையான கோப்புகள் கரையிலிருந்து தானாகப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது. இன்ன கோப்பை இன்ன இடத்திலிருந்து இறக்கி இன்ன இடத்தில் வை என்று ஆன்சிபிள் என்கிற கருவியில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். மணிக்கொருதரம் அது எல்லாக் கப்பலையும் தொட்டுவிட்டு வந்து, பச்சை எழுத்தில் ஓகே, ஓகே என்று வரிசையாகக் காட்டும். வானிலைக் கோப்பு, பராமரிப்புக் குறிப்பு, அதோடு சனிக்கிழமை மத்தியானம் குடும்பக் கோப்பு. கப்பல்காரர்களின் வீட்டில் எடுத்து அனுப்புகிற வீடியோக்கள் அதில் போகும், அவரவருக்குத் தனித்தனிப் பூட்டோடு. நீலவேணியில் ஆட்களுக்குக் கிடைக்கிற இன்டர்நெட் நாலு வரி டைப் அடிக்கத்தான் தாங்கும். முகமும் குரலும் போவதென்றால் இதில்தான் போக வேண்டும்.

அவள் தூத்துக்குடியில் உட்கார்ந்தபடியே நீலவேணியின் சர்வருக்குள் நுழைந்து பார்த்தாள். குடும்பக் கோப்பின் தேதி, மாதக்கணக்குக்கு முன்னால் ஜெரால்டு கப்பலேறிய வாரத்தைக் காட்டியது. கப்பலின் கடிகாரம் பிசகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். கடிகாரம் சரியாக இருந்தது. கோப்பு இறக்கும் வேலையைக் கையால் ஓட்டிப் பார்த்தாள். பச்சையில் ஓகே வந்தது, தேதி மாறவில்லை. இணைப்பு இருந்தது, வட்டில் இடம் இருந்தது, முகவரியும் கடவுச்சொல்லும் சரி. கடைசியில், தான் எழுதியதையே திறந்து வரி வரியாகப் படித்தாள். அங்கே இருந்தது. ‘கோப்பு ஏற்கெனவே இருந்தால் திரும்ப இறக்காதே.’

அவளே போட்ட வரி. மற்ற கப்பல்களில் கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும், வாரா வாரம் பெயர் மாறும். நீலவேணியில் இருப்பது கிழட்டு சர்வர், எப்போதும் ஒரே பெயரைத்தான் திறக்கும். முதல் வாரம், வந்து சேர்ந்த கோப்பையே அது மணிக்கொருதரம் மறுபடி மறுபடி இறக்கி டேட்டாவைத் தின்று தீர்த்தது. அதை நிறுத்த இந்த வரியைப் போட்டாள். அடுத்த வாரம் நல்லபடியாக மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தாள். பச்சை வந்துகொண்டே இருந்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பெயர் ஒன்றாக இருந்ததால் அந்தக் கருவி கோப்பு இருக்கிறது என்பதோடு திருப்திப்பட்டுக்கொண்டது. உள்ளே இருப்பது புதியதா பழையதா என்று அது பார்க்கவே இல்லை.

குழம்பு அடிபிடித்து வாடை வந்த பிறகுதான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். சட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து அந்தத் தேதியை மறுபடி பார்த்தாள்.

ஏனென்றால் நடுவில் ஒரு சனிக்கிழமை அவள் அனுப்பியது மற்ற வாரங்களைப் போன்றதில்லை. கப்பலில் இருக்கிறவனுக்கு வீட்டிலிருந்து கெட்ட செய்தி போகக்கூடாது என்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஜெரால்டின் அப்பா இறந்ததைக்கூட, அவன் கப்பல் துறைமுகம் பிடிக்கும்வரை மென்று விழுங்கி வைத்திருந்தார்கள். விஜிலாவும் அப்படித்தான் இருந்தாள். ஆனால் தனியாகப் பேசி, தனியாகத் தின்று, காய்ச்சலுக்குத் தானே கஞ்சி வைத்துக் குடித்து அவளுக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்துச் சொன்னாள். “இந்தத் தடவ எறங்குனா திரும்ப ஏறாதீங்க. ஏறித்தான் ஆவணும்னா ஏறிக்கிடுங்க. நீங்க வரும்போது நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.”

அந்த வாரமும் அவனிடமிருந்து வழக்கம்போல ‘பாத்தேன், நல்லா இருக்கு’ என்று வந்தது. கொஞ்ச நாளில் காண்ட்ராக்டை நீட்டிக் கையெழுத்துப் போட்டிருப்பதாக எழுதினான், கவலைப்படாதே என்று. அதுதான் பதில் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சென்னை அலுவலகத்துக்கு மாறிக்கொள்ளச் சம்மதம் சொல்லி, அங்கே ஒரு அறையும் பார்த்தாயிற்று. பாதி அடுக்கிய பெட்டி கட்டிலில் திறந்து கிடக்கிறது.

கப்பலின் மின் அதிகாரி டேவிட்சன் மணப்பாட்டுக்காரன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். அலுவலக அரட்டையில் அவனைப் பிடித்து, குடும்ப வீடியோ வாரா வாரம் மாறுகிறதா என்று கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கித்தான் எழுதினான். “இல்லக்கா, மொத வாரம் வந்ததுதான் இன்னும் கெடக்கு. வீட்டுல மெனக்கெட்டு எடுத்து அனுப்புதாங்க, வரலன்னா சங்கடப்படுவாங்கள்லா. பாத்தேன்னு போட்டுருவோம்.”

ஜெரால்டு அண்ணனுமா என்று கேட்டாள். அண்ணனும்தான் என்றான்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கப்பல் நிறைய ஆம்பளைகள், ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. பிறகு யாரைக் கோபிக்க என்றும் தோன்றியது. அவன் சேதியைப் படித்துவிட்டு, நான் சொன்னதுக்கு என்ன பதில் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டாளா அவள்? அவளும்தான் ரோஷத்தில் கமுக்கமாக இருந்துவிட்டாள்.

எடுக்கிற வீடியோக்களை அனுப்பியதும் போனிலிருந்து அழித்துவிடுவாள், இடம் பற்றாது. கரையில் இருக்கிற சர்வரிலும் வாரா வாரம் பழையது அழிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. இப்போது அதைப் போட்டுப் பார்த்தாள். முகம் வீங்கி, முடி கலைந்து, யாரோ மாதிரி இருந்தாள். ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வாள். அவனுக்குத் தெரியாமலே அவனை விட்டுப்போவது சரியில்லை. கேட்டுவிட்டு அவன் எதையும் சொல்லட்டும். இந்த வாரக் கோப்பில் தன் பெயரில் அதை வைத்துப் பூட்டினாள். அந்த வரியை எடுத்துவிட்டு, கோப்பு மாறியிருந்தால் மட்டும் இறக்கும்படி எழுதி ஓட்டினாள்.

நீலவேணி ஆப்பிரிக்காவுக்குக் கீழே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. இறங்கிய அளவைக் காட்டும் எண் ஊர்ந்தது. முப்பது சதவீதம், முப்பத்தொன்று. புதியது முழுசாக வந்து சேரும்வரை பழையதைத் தொடாது. வந்த நிமிஷம் பழையது அழிந்து, அதன் இடத்தில் இது உட்கார்ந்துவிடும். சன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. உப்பு லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு போனது. அவள் சாப்பிடவில்லை.

ஐம்பதைத் தாண்டியபோது போன் அதிர்ந்தது. ஜெரால்டு.

‘பாத்தேன். நல்லா இருக்கு.’

வேறு நாளாக இருந்தால் கட்டைவிரலைக் காட்டும் ஒரு படத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்திருப்பாள். இன்றைக்கு, ‘எதப் பாத்தீங்க?’ என்று அடித்தாள்.

எண் அறுபதைத் தாண்டியது. அவன் மாட்டிக்கொண்டு முழிப்பதாகத்தான் அவள் நினைத்தாள். பிறகு துண்டு துண்டாக வந்தது.

‘மாடில சாளக்கருவாடு காயப்போட்டியே, அது.’

‘காக்கா ஒண்ணத் தூக்கிட்டுப் போவும். நீ பின்னாலயே ஓடுவ. திரும்பி வந்து சிரிப்ப.’

‘இது ஒண்ணுதாம்ளா வந்திச்சு. உன்கிட்ட சொல்லல. சனிக்கெழம ஆனா இதத்தான் பாக்கேன்.’

அப்படி ஒன்று எடுத்தது அவளுக்கு நினைவே இல்லை. கருவாடு காயப்போட்டிருக்கலாம், காக்காவும் வந்திருக்கலாம். அவன் போன புதிதில் அவள் சிரித்துக்கொண்டும் இருந்திருக்கலாம். இப்போது அது அந்தக் கப்பலில் மட்டும்தான் இருக்கிறது. திரையில் எண் எழுபதைத் தொட்டிருந்தது. போன் மறுபடி அதிர்ந்தது.

‘கடைசில என்னமோ சொல்லுவ. காத்துல ஒண்ணும் கேக்காது. எத்தன தடவ போட்டுப் பாத்தாச்சு. என்னளா சொன்ன?’

விஜிலா யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. ஒரு கை போனில் இருந்தது. இன்னொரு கை மடிக்கணினியில், கோப்பு இறங்குவதைப் பாதியில் நிறுத்தும் இரண்டு விசைகளின் மேல் இருந்தது, அழுத்தாமல். எண்பத்தொன்று. எண்பத்திரண்டு.