முதலாளியம்மாவின் கையெழுத்து

“நீங்க கையெழுத்து போட்டதுதான் தப்புங்கறேன்.”

“வேற யார் போடுவா? உனக்கு சூப்பர்வைசரா இருந்தது நான்தானே.”

“சூப்பர்வைசரும் புருஷனும் ஒரே ஆளுன்னு அவங்களுக்குத் தெரியாதாக்கும். விண்ணப்பத்துலயே—”

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னேன். காதுல விழுந்தாத்தானே.”

புருஷனும் இவளும் சேர்ந்தாற்போல் பேசியதில் குக்கர் விசிலை யாரும் எண்ணவில்லை. இவள்தான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மேஜைமேல் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. குடியேற்ற அலுவலகத்திலிருந்து காலையில் வந்த பதில் அதில் இருந்தது. கணவர் தரும் அனுபவச் சான்று செல்லாது. நிறுவன உரிமையாளர் தர வேண்டும். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அதில் இருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள்.

ஊர் திரும்பி அவர் வைத்த பல்செட் கட்டும் லேப் படுத்துவிட்டது. வேறு நாட்டுக்குப் போகலாமென்றால் அவருக்கு வயது தாண்டிவிட்டது; இவள் பெயரில்தான் போக முடியும். அடுத்த பிறந்தநாளோடு இவளுக்கும் வயதுக்குத் தரும் மதிப்பெண் குறைந்துவிடும், அப்புறம் புதிதாக விண்ணப்பித்துப் பிரயோஜனமில்லை என்று ஏஜென்ட் முதலிலேயே சொல்லியிருந்தார்.

வெளிநாட்டில் இவள் வேலை பார்த்ததும் ஒரு பல்செட் லேபில்தான். மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, கடி சரியாக விழுகிறதா என்று பார்த்து, பாலிஷ் போடுவதுவரை இவள் கைதான். சம்பளம் ரொக்கமாக, ரசீது கிடையாது. ‘நான் கட்டின பல் அங்க இன்னும் எத்தனையோ வாயில மென்னுக்கிட்டிருக்கு, அவங்களையெல்லாம் வாயைத் திறந்து காட்டச் சொல்லவா’ என்று இவள் கேட்டதற்கு ஏஜென்ட் சிரிக்கக்கூட இல்லை.

லேபின் உரிமையாளர் அவருடைய முதல் மனைவி. அங்கே எல்லோருக்கும் அவள் முதலாளியம்மா. வேலை நேரத்தில் கட்டிய புருஷனுக்கும் அப்படித்தான். விவாகரத்தாகி, இவளைக் கல்யாணம் செய்துகொண்டு, ஊருக்கு வந்த பிறகும் அவர் வாய்ப்பழக்கம் போகவில்லை.

“கூப்பிடுங்க உங்க முதலாளியம்மாவ.”

“உன் வேலை விஷயம். நீ கேளு.”

“நான் கேட்டா உடனே போன வச்சிடுவாங்க. நீங்க கேட்டா திட்டிட்டு வைப்பாங்க. திட்டி முடிக்கறதுக்குள்ள விஷயத்தச் சொல்லிடலாம்.”

அவர் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். முதலாளியம்மா திட்டவில்லை. பின்னால் ஓடிக்கொண்டிருந்த பாலிஷ் மோட்டாரை யாரிடமோ நிறுத்தச் சொல்லிவிட்டு, அவர் சொன்னதை முழுசாகக் கேட்டாள். முட்டிவலி என்றாள். நல்ல ஆள் கிடைப்பதில்லை, புதிதாக வந்தவன் பல் அடுக்கச் சொன்னால் வேலி நடுகிறான், உன் பெண்டாட்டி கை மாதிரி வராது என்றாள். இவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

எழுதித் தருவதில் தடையில்லை. மணி நேரத்தில்தான் முதலாளியம்மா நின்றாள். காலையிலிருந்து மத்தியானம் வரைதானே இவளை வேலைக்கு வைத்தேன், அரைநேர ஆள்தானே என்றாள். அரைநேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவர் மெல்லச் சொன்னார். சாயங்காலமும் வேலை இருந்ததே, அவசர ஆர்டரையெல்லாம் மற்றவர்கள் போன பிறகு நாங்கள்தானே முடித்தோம் என்றார்.

“வேலை இருந்துச்சு முதலாளியம்மா,” என்றாள் இவள். “பொய் சொல்லல.”

பொய் இல்லைதான். அந்தச் சாயங்காலங்களில் பல்லும் கட்டத்தான் செய்தார்கள்.

 முதலாளியம்மாவின் குரலில் கோபம் இல்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவளின் அலுப்புதான் இருந்தது.

“அவர் வீட்டுக்கு வந்து ஓவர்டைம்னு சொன்னப்ப நான் நம்பல. நம்பாமத்தான் கோர்ட்டுக்குப் போனேன். இப்ப அதையே வேலைன்னு என் கையால எழுதணும். எழுதறேன், எனக்கு இனிமே என்ன இருக்கு. நீயே சொல்லும்மா, நீ சொல்றதப் போடறேன். அந்தச் சாயங்காலத்துல வேலை எத்தன மணி நேரம்?”